நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?

அனைவருக்கும் வணக்கம்.

செயற்கை நுண்ணறிவுக்கு ஏற்றபடி அலுவலக நிர்வாகத்தை எப்படி மாற்றுவது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். எந்த மென்பொருள் வாங்கலாம், என்ன விலை, எத்தனை பேர் வேலை மிச்சம் என்பதையெல்லாம் விற்பனைப் பிரதிநிதிகளே நன்றாகச் சொல்வார்கள். நான் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். அந்த மென்பொருள் தப்பாக ஒன்றைச் சொல்லும்போது, 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் உங்கள் அலுவலகத்தில் யாரிடம் இருக்கிறது?

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கே வேலையில்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் அரசு உதவித்தொகை தருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு கணக்கு. அந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு சம்பாதித்தீர்களோ அதற்கேற்ப உதவித்தொகை ஏறும், இறங்கும். வரித்துறையிடம் இருப்பதோ ஆண்டு வருமானம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், முன்பெல்லாம் ஓர் ஊழியர் கோப்பை எடுத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் சம்பளம் கொடுத்த நிறுவனத்திடமே விவரம் கேட்பார். 2015-ல் தொடங்கி 2016-ல் வேகம் பிடித்த புதிய ஏற்பாட்டில் அந்த ஊழியருக்கு இடமில்லை. ஓர் ஆண்டில் இரண்டு வாரக் கணக்குகள் 26 என்பதால், ஆண்டு வருமானத்தைக் கணினி 26-ஆல் வகுத்துவிடும். மக்கள் அதற்கு 'ரோபோடெட்', அதாவது இயந்திரம் போட்ட கடன், என்று பெயர் வைத்தார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பாருங்கள். ஒரு மாணவி ஆறு மாதம் வேலை பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 13 முறை சம்பளம், மொத்தம் 26,000. அடுத்த ஆறு மாதம் வேலை இல்லை, உதவித்தொகை வாங்குகிறார். எல்லாம் நேர்மையாகத்தான். ஆனால் 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் 1,000 வருகிறது. வேலையே இல்லாத ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் அவர் 1,000 டாலர் சம்பாதித்ததாகக் கணக்கு சொல்லும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வரும். கணக்கு தப்பு என்றால் பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

சுமார் நான்கு லட்சம் பேர் மீது இப்படிச் சட்டப்படி செல்லாத கடன் சுமத்தப்பட்டது. 2019-ல்தான் இந்தக் கணக்கு செல்லாது என்று நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் கொடுத்த அறிக்கை, இது முரட்டுத்தனமானது, கொடூரமானது, நியாயமும் சட்டமும் இல்லாதது என்று சொல்லிவிட்டது.

இதில் செயற்கை நுண்ணறிவு கிடையாது, வெறும் வகுத்தல் கணக்குதான். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். கோளாறு முழுவதும் நிர்வாகத்தில் இருந்தது. சராசரி போடுவது சட்டத்துக்கு ஒத்துவராது என்று உதவித்தொகைக்குப் பொறுப்பான துறையின் சொந்த வழக்கறிஞர்களே 2014-ல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2017-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் டெர்ரி கார்னி, இப்படிக் கடன் போடுவது சட்டப்படி நிற்காது என்று தீர்ப்பே கொடுத்தார். துறை அதை எதிர்த்து மேலே போகவில்லை. அந்தத் தீர்ப்பாயத்தின் முதல் நிலைத் தீர்ப்புகள் அப்போது வெளியிடப்படுவதும் இல்லை. ஆக, மேல்முறையீடு செய்தவரின் கடன் மட்டும் நீங்கியது, இயந்திரம் மற்றவர்களுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தது. தப்பு என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னது, நிறுத்தக்கூடியவர் மேசைக்குப் போய்ச் சேரும் பாதைதான் இல்லை. எத்தனையோ குடும்பங்கள் இதில் நொந்துபோயின. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

தனியார் துறைக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் மென்பொருள், உறவினர் இறந்த துக்கத்துக்காகப் பயணம் செய்த ஒருவருக்கு, கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்தும் பெறலாம் என்று தவறாகச் சொன்னது. வழக்கு வந்தபோது, அந்த மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற மாதிரி நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உங்கள் இணையதளத்தில் இருப்பது எல்லாமே உங்கள் பேச்சுதான், பணத்தைக் கொடுங்கள் என்றது.

சரி, வேறு எப்படிச் செய்வது? ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடா 1924-ல் கொண்டுவந்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். யாரும் ஒவ்வொரு தறியையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்; ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்கலாம். பின்னாளில் அவர் குடும்பம் தொடங்கிய டொயோட்டா கார் தொழிற்சாலையிலும் அதே முறைதான். வேலையில் குறை கண்டால் சாதாரணத் தொழிலாளியே உற்பத்தி வரிசையோரம் இருக்கும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். கயிற்றை இழுத்தவரை யாரும் திட்டுவதில்லை. உற்பத்தி கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள், டொயோட்டா எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கலாம்.

2024-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் இதைத் தொடுகிறது. ஆபத்து அதிகமான அமைப்புகளைக் கண்காணிக்கும் ஆளுக்குத் திறமையும் பயிற்சியும் மட்டும் போதாது, அதிகாரமும் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் பல இடங்களில் கைவிடப்படுவது அந்த அதிகாரம்தான்.

அலுவலக மேசைக்கே வருவோம். கடன் விண்ணப்பமோ காப்பீட்டுக் கோரிக்கையோ, மென்பொருள் ஒரு பரிந்துரை தருகிறது. ஏற்க ஒரு சொடுக்கு போதும். மறுக்க வேண்டுமானால் காரணம் எழுதி, மேலதிகாரி ஒப்புதல் வாங்க வேண்டும். மாலைக்குள் முடிக்க வேண்டிய இலக்கும் தலைக்கு மேல் இருக்கிறது. அந்த ஊழியர் என்ன செய்வார்? ஏற்றுக்கொண்டே போவார். அவரைக் கண்காணிப்பாளர் என்று காகிதத்தில் எழுதி வைப்பது அநியாயம். நாளைக்குத் தப்பு வெளியே வந்தால் பழி அவர் தலையில்தான் விழும். மறுப்பதையும் ஒரு சொடுக்காக்குங்கள். மறுத்த கோப்புகளை அவருடைய இலக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊழியர்கள் எங்கெங்கே மென்பொருளை மறுத்தார்கள் என்ற பட்டியலை வாராவாரம் நிர்வாக இயக்குநர் மட்டத்தில் ஒருவர் படிக்க வேண்டும். ஒரே மாதிரி மறுப்பு ஐந்தாறு வந்தால் அந்த வகைக் கோப்புகளை மென்பொருளிடமிருந்து அன்றைக்கே எடுத்துவிட அவருக்கு உரிமை வேண்டும். வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில், பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

அப்புறம், மென்பொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைப் பாருங்கள். அந்த மறுப்புப் பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். விற்றவரின் சர்வரில் மட்டும் கிடந்தால், வழக்கு வரும் அன்று உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. தயங்காமல் திருத்தச் சொல்லுங்கள், ஒப்பந்தம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.