பாக்தாத் 2003: எண்ணிக்கையில் சிக்கிய செய்தி

எல்லோருக்கும் வணக்கம். போரில் பண்பாட்டுச் சின்னங்கள் அழிவதை ஊடகங்கள் எப்படிச் சொல்கின்றன என்பது தலைப்பு. நாடு நாடாகச் சுற்றாமல் ஒரே ஊரில் நிற்கிறேன்: 2003 ஏப்ரல், பாக்தாத்.

அமெரிக்கப் படை நகருக்குள் நுழைந்த கையோடு, 10ஆம் தேதி ஈராக் தேசிய அருங்காட்சியகத்தில் கொள்ளை தொடங்கியது. எண்ணெய் அமைச்சகத்துக்கு அப்போதே காவல் இருந்தது. அருங்காட்சியகத்துக்குக் காவல் வந்தது 16ஆம் தேதிதான். அதற்குள் உலகமெங்கும் தலைப்புச் செய்தி: 1,70,000 பொருள்கள் கொள்ளை! அது அருங்காட்சியக இருப்பைப் பற்றிய எண். இருந்ததெல்லாம் போனதாக எழுதிவிட்டார்கள்.

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் இதைக் கிண்டலே செய்தார். யாரோ ஒருவன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள், அந்த நாட்டில் அவ்வளவு ஜாடியா இருக்கிறது என்று கேட்டார். டிவியில் ஒரே படம் ஓடியது என்னவோ உண்மைதான். அதற்காக உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

அப்புறம் காற்று திசை மாறியது. காட்சிக்கூடப் பொருள்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஊழியர்கள் போருக்கு முன்பே ரகசியமாக ஒளித்து வைத்திருந்தது தெரியவந்தது. கொள்ளை போயிருந்த, ஐயாயிரம் ஆண்டுப் பழமையான வார்க்கா ஜாடி என்ற செதுக்கிய கல் ஜாடி, ஜூன் மாதம் ஒரு கார் டிக்கியில் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. உடனே சில பத்திரிகைகள், போனது வெறும் 33 பொருள்தான், கொள்ளையே கட்டுக்கதை என்றன. அந்த 33 காட்சிக்கூடத்து முக்கியப் பொருள்களின் கணக்கு மட்டுமே. அமெரிக்கப் படையின் கர்னல் பொக்டானோஸ் தலைமையிலான புலனாய்வுக் குழு பிறகு எண்ணியபோது, திருடு போனவை ஏறக்குறைய 15,000. அதற்குள் கேமராக்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன.

திருடு போனவற்றில் ஏறக்குறைய 5,000 பொருள்கள் உருளை முத்திரைகள். விரல் கணு அளவுக் கல். ஈரக் களிமண்ணில் உருட்டினால் கடவுள், ஆடு, ரதம், முத்திரைக்குச் சொந்தக்காரன் பெயர் என்று வரிசையாகப் பதியும். கிடங்கின் சரக்கையும் களிமண் கடிதத்தையும் இதைக் கொண்டுதான் முத்திரையிட்டார்கள். சட்டைப் பையில் ஒரு டஜன் போட்டுக்கொண்டு நடக்கலாம். எந்த கேமராவுக்கும் தெரியாது.

பெரிய சேதம் பாக்தாதுக்குத் தெற்கே. இசின், உம்மா போன்ற பழங்காலச் சுமேரிய நகரங்கள் புதைந்து கிடக்கும் மண்மேடுகளைக் கொள்ளையர் மாதக்கணக்கில் தோண்டினார்கள். மண்ணுக்குள் இருந்த பொருளுக்குப் பதிவு எண் கிடையாது. எத்தனை போயின என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. எண் இல்லாத செய்தி முதல் பக்கத்துக்கு வருவது அபூர்வம்.

நிருபர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. 2004 வாக்கில் பாக்தாதை விட்டு வெளியே போவதே உயிரைப் பணயம் வைக்கிற வேலை. சரி, செயற்கைக்கோள் படம் பார்க்க உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லையே! அந்தப் படங்களை வைத்துக்கொண்டு குழிகளை அளந்தவர்கள் தொல்லியல் ஆய்வாளர்கள்தான்.