உதகையில் குடியேறும் குடும்பங்களுக்கு: வெயில் பார்த்து வீடு பிடியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை மாற்றலாகியோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ சமவெளியிலிருந்து உதகமண்டலத்துக்குக் குடிவருபவர்கள் முதலில் வாங்குவது கம்பளி. வாங்கட்டும், வேண்டியதுதான். ஆனால் 2,240 மீட்டர் உயரத்துக் குளிரை ஸ்வெட்டரும் குல்லாவும் பெரும்பாலும் சமாளித்துவிடும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஓதத்துக்குத்தான் யோசனை வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கினால், வடகிழக்கும் சேர்ந்து டிசம்பர் வரை ஊர் ஈரமாகவே இருக்கும்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது வாடகைக்கு முன்னால் வெயிலை விசாரியுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்கிலோ கிழக்கிலோ சன்னல் உள்ள வீட்டுக்குள் வெயில் வரும். மலையின் வடக்குச் சரிவில், மர நிழலில் நிற்கும் வீடு நண்பகலிலும் சில்லிட்டுக் கிடக்கும். பள்ளத்தாக்கின் அடியில் உள்ள வீடும் வேண்டாம். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். உறைபனியும் அங்கேதான் அதிகம். தலைக்குந்தா, காந்தல் பக்கம் ஜனவரிக் காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது இதனால்தான். சரிவின் நடுப்பகுதி நல்லது.

பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிப் போய்ப் பாருங்கள். மலையை வெட்டிக் கட்டிய வீட்டில் வெட்டிய மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நுழைந்து சுத்தம் செய்யும் அளவுக்காவது இடைவெளியும் அதில் ஓடுகிற வடிகாலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மழைநீர் சுவர் வழியே உள்ளே கசியும். புதிதாக வண்ணம் அடித்த சுவரைக் கண்டு மயங்காமல், சுவர் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை பொய் சொல்லாது.

சாமான் ஏற்றிவர ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். ஏப்ரல், மே சீசன் நெரிசலில் சாமான் வண்டி மணிக்கணக்காக வழியில் நிற்கும். சந்து வீடுகளுக்குப் பெரிய லாரி போகாது. படிக்கட்டு எத்தனை, வண்டி எதுவரை வரும் என்று முன்பே கேட்டுவிட்டால் கூலித் தகராறு வராது. சாமானைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டிக்கொண்டு வராதீர்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, சோதனைச் சாவடியில் பறித்துவிடுவார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வந்திருக்கிறது. நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 உள்ள வண்டிக்கு விலக்கு உண்டு. வேறு பதிவெண் வைத்திருப்பவர்கள் கிளம்புமுன் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

குடிவந்த பிறகு செய்ய வேண்டியது எளிது, ஆனால் தினமும் செய்ய வேண்டும். சமையலின் ஆவி, குளியல் ஆவி, நம் மூச்சு எல்லாம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்தே வைத்தால் அந்த நீர் பூசணமாகும். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மூடுபனி இறங்குவதற்குள் சாத்திவிடலாம். பீரோவை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். சான்றிதழ்கள், பத்திரங்கள் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும். தோல் செருப்பும் கேமராவும் பீரோவுக்குள் கிடந்தால் ஒரு மழைக்காலத்தில் பூத்துவிடும். ஈரத் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. நன்றாகப் பிழியும் சலவை இயந்திரம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி அடுப்படி. இங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிடும் என்று நினைத்தால் பருப்பு ஏமாற்றும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவைப்பது வீண் எரிவாயு. குக்கருக்குள்ளும் சமவெளியைவிட நான்கைந்து டிகிரி அளவுக்குக் குறைவாகவே சூடேறும், ஏனென்றால் விசிலின் எடை, வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல்தான் அழுத்தம் கூட்டுகிறது. வழக்கத்தைவிட ஓரிரு விசில் கூடுதலாக வையுங்கள். கொண்டைக்கடலையை வெந்நீரில் ஊறப்போடுங்கள்.

இட்லி மாவுதான் புதுக் குடித்தனத்தைச் சோதிக்கும். சமவெளியில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே டிசம்பரில் ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடக்கும். வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்த்து, கையால் கலக்கி, ஹாட்பாக்ஸில் ஊற்றிக் கம்பளியில் சுற்றி வையுங்கள். நேற்றைய புளித்த மாவு ஒரு கரண்டி சேர்த்தால் இன்னும் சீக்கிரம். தயிருக்குப் பாலைக் கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, உறையை இரட்டிப்பாக்குங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் அகன்ற வாய் டப்பாவில் வாங்குங்கள், புட்டியில் வேண்டாம்.

குளிக்கும் வெந்நீருக்குக் கணக்கு ஒன்று. 15 லிட்டர், 2,000 வாட் கீசர் சமவெளியில் 17 நிமிடத்தில் 60 டிகிரி காட்டினால், இங்கே 12 டிகிரிக் குழாய்நீரை அதே சூட்டுக்குக் கொண்டுவர 25 நிமிடம் ஆகும். இரண்டு பேருக்கு நடுவில் அந்த இடைவெளி விடாவிட்டால் காலையில் வீட்டில் சண்டைதான். அறை ஹீட்டரை 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் உருகும்.

இதைவிட முக்கியமான ஒன்று. கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. அணைந்த மாதிரி சாம்பல் பூத்திருந்தாலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி வரும், மயக்கம் வரும், தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. குளியலறைக்குள் மாட்டிய எரிவாயு கீசரிலும் இதே ஆபத்து. அதை வெளிச்சுவரில் மாட்டச் சொல்லுங்கள். சிலிண்டரில் வாயு குறைவாக வருகிறதென்று அதைச் சூடுபடுத்தவும் கூடாது.

சமவெளியிலிருந்து வந்த முதல் இரண்டு மூன்று நாள் மூச்சு வாங்கும், சிலருக்குத் தலை கனக்கும். பீரோ தூக்குவதைக் கூலியாட்களிடம் விடுங்கள். இதயநோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் மலையேறுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கைக்குழந்தைக்கு மலைப்பாதையில் பால் கொடுத்துக்கொண்டே வந்தால் காது அடைக்காது. குளிர்கிறதே என்று பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்காக விடாதீர்கள். இந்த உயரத்து வெயில் சுடுவது தெரியாமலே தோலைக் கருக்கும்.

குப்பையை இரவில் வெளியே வைத்தால் கரடியும் காட்டெருமையும் விசாரிக்க வரும். காட்டெருமை பாதையில் நின்றால் அதற்குத்தான் வழி. ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

கடைசியாகத் தடுப்புச்சுவர். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நிலச்சரிவில் இறந்தார்கள். தடுப்புச்சுவரில் நீர் வடியும் துளைகள் செடி முளைத்தோ மண் அடைத்தோ கிடந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம்தான் சுவரைத் தள்ளுகிறது. சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, முற்றத்தில் புது விரிசல் ஓடினாலோ, கதவு திடீரென நிலையில் இறுகினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரியவர்களையும் பிள்ளைகளையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டு, மாவட்டப் பேரிடர் அறையின் 1077 எண்ணுக்குப் பேசுங்கள்.

வணக்கம்.