கைப்பக்குவமும் அண்டாவும்

எல்லாருக்கும் வணக்கம். ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை. அதனால்தான் மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் செய்கிற நான் இந்நேரத்தில் உங்கள் முன் நிற்கிறேன். உள்ளே நுழையும்போதே ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, என் சமையலை எல்லாரும் கொண்டாடுறாங்க. ஐடி வேலையை விட்டுட்டு இதில் இறங்கலாமா?" அவளுக்காகத்தான் பேசப்போகிறேன்.

வீட்டில் ரவா உப்புமாவுக்கு ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைப்பேன். முதல் ஆர்டர் 100 பேருக்கு. அதே கணக்கைப் பெருக்கி ஊற்றினேன், கூழாகிவிட்டது. வாணலியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அண்டாவில் அந்த அளவுக்கு வற்றாது. அடுப்பை அணைத்த பிறகும் அண்டாவின் சூடு வேகவைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடிய பெரியவரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு ஒரு மாஸ்டரிடம் இரண்டு வருஷம் காய் நறுக்கினேன், தேங்காய் துருவினேன், பதம் பார்க்கக் கற்றேன்.

ஆசை இல்லாமல் இந்தத் தொழிலில் நடுராத்திரியில் எழவே முடியாது. ஆனால் வீட்டில் பிடித்த நாளில், பிடித்ததைச் சமைக்கிறோம். இங்கே அதே சாம்பாரை முந்நூறாவது தடவையும் அதே ருசியில் இறக்க வேண்டும். இலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி முன்பணமும் வாங்கியிருப்போம். கல்யாணத்துக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் தக்காளி இரண்டு மடங்கு விலை விற்கும். அதற்காக ரசத்தில் தக்காளியைக் குறைக்க எனக்கு மனசு வராது.

முறையாகப் படிக்க தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே விற்றாலும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது. தொழிலுக்கென்று தனியாக வரும் வணிக சிலிண்டர்தான்.

சென்னையில் உணவகங்கள் நடத்தி உயர்ந்த பாட்ரீசியா நாராயண் மெரினாவில் தள்ளுவண்டி போட்ட முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 காசுக்கு. 2010இல் ஃபிக்கி என்ற இந்தியத் தொழில் வணிகக் கூட்டமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது வாங்கினார். விருதைவிட, அந்த ஒரு காபி விற்ற மறுநாள் அவர் வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தங்கச்சி, வேலையை இப்போது விடாதே. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு லீவு போட்டுவிட்டு என் சமையல்கூடத்துக்கு வா. ராத்திரி 1 மணிக்கு அடுப்பு மூட்டுவோம். வழுக்காத செருப்பு போட்டுக்கொள், தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள். கடைசிப் பந்தி எழுந்து அண்டா கழுவுகிற வரை கூட இரு. அதற்குப் பிறகு நாம் உட்கார்ந்து பேசலாம்.