மிலிட்ரி தாத்தா

வணக்கம். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவில் அவருக்கு மிலிட்ரி தாத்தா என்றுதான் பேர். 1922-ல் பிறந்தார், 2018-ல் தமது 96 வயதில் போய்ச் சேர்ந்தார். அதில் பட்டாளத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1941-லிருந்து 1946 வரை, 5 வருஷம்தான்.

அவர் இருந்தது மதராஸ் சாப்பர்ஸ். போரில் சுடுகிறவர்களுக்கு முன்னால் போய் வழி செய்து கொடுக்கிற படை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடு போட வேண்டும், பாலம் போட வேண்டும், புதைத்து வைத்த கண்ணிவெடியைத் தேடி எடுக்க வேண்டும். 1780-ல் தொடங்கிய பழைய படை. அந்தப் படை ஆட்களை ராணுவத்தில் இன்றைக்கும் ‘தம்பி’ என்கிறார்கள். நம் தமிழ் வார்த்தைதான், அப்படியே நின்றுவிட்டது.

தாத்தா வாயைத் திறந்தால் பாலம்தான். பெய்லி பாலம். துண்டு துண்டாக லாரியில் வருகிற இரும்புப் பாலம். ஒரு துண்டு 10 அடி நீளம், சுமார் 260 கிலோ. கிரேன் எல்லாம் கிடையாது, குறுக்கே கம்பு கொடுத்து 6 பேர் தூக்க வேண்டும். ஒருத்தர் கால் இடறினால் மற்ற 5 பேர் விரலும் போச்சு. காசிமேட்டில் படகு தள்ளும்போது ஐலசா போடுகிறார்களே, அந்த மாதிரி சேர்ந்து குரல் கொடுத்துத்தான் தூக்குவோம் என்பார். துண்டுகளை மாட்டி, உருளைமேல் ஏற்றி, இந்தக் கரையிலிருந்தே அந்தக் கரைக்குத் தள்ளுவார்களாம். நடுவில் தாங்க ஒன்றும் இல்லாமல் எப்படி ஆற்றில் கவிழாமல் போகும்?

நான் இதைக் கேட்டபோது எனக்கு 7 வயது. தாத்தா மூங்கில் ஏணியை எடுத்து வந்து திண்ணையில் படுக்கப் போட்டார். பின்பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டு, முன்பக்கத்தைத் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டே போனார். பாதி தாண்டியும் ஏணி அந்தரத்தில் நின்றது. அப்புறம் என்னை இறங்கச் சொன்னார். இறங்கினதும் ஏணி மூக்குக் குப்புற விழப் போய், அவர் கையில் பிடித்துக்கொண்டார். “பாத்தியா பாப்பா, மூக்கு லேசா இருக்கணும், வால்ல கனம் இருக்கணும். அவ்ளோதான் பாலம்” என்றார்.

சரி, இது வெறும் திண்ணைக் கதை இல்லை. மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் ஊரே ரெண்டாகிவிடும். ஒரு வருஷம் தெரு நெடுக வடிகாலுக்குப் பள்ளம் வெட்டிப் போட்டுவிட்டு வேலையை நிறுத்திவிட்டார்கள். பள்ளம் முழுக்கத் தண்ணீர். எதிர்வரிசை வீடுகளுக்குப் பால்கூடப் போகவில்லை. தாத்தாவுக்கு அப்போது 80 தாண்டிவிட்டது. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தெருப் பையன்களைக் கூப்பிட்டார். சவுக்குக் கட்டை ரெண்டு, சென்ட்ரிங் பலகை நாலைந்து, கயிறு. “வால்ல நாலு பேர் ஏறி நில்லுங்கடா, மத்தவங்க தள்ளுங்க!” கட்டை அந்தப் பக்கம் போய்ப் பதிந்தது. பையன்கள் அதன்மேல் ஏறி ஓடப் பார்த்தார்கள். தாத்தா கைத்தடியை நீட்டித் தடுத்தார். பாலம் போட்டவன்தான் முதலில் ஏற வேண்டுமாம், அது சாப்பர் வழக்கமாம். ஆயா கத்தக் கத்த, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் போய் வந்தார்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பர்மாவில் கலேவா என்ற ஊரில், சிந்த்வின் ஆற்றின்மேல், 1944 டிசம்பரில் 1,154 அடிக்குப் பெய்லி பாலம் போட்டார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். கேட்கிறவர்கள் “நீங்க போட்டதா தாத்தா?” என்பார்கள். ஆமாம் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் ஒவ்வொரு முறையும், “அது பட்டாளத்துல வேற கம்பெனி. நான் நடந்து போனேன், அவ்ளோதான். நாங்க போட்டதெல்லாம் ஓடைப் பாலம்” என்பார். 70 வருஷம் இந்தப் பதில் மாறவே இல்லை.

கண்ணிவெடி பற்றி மட்டும் அதிகம் பேச மாட்டார். தரையில் குப்புறப் படுத்து, கத்தி முனையைச் சாய்வாக, பூப்போல மண்ணில் செருக வேண்டும் என்பார். வீட்டில் ரோஜாத் தொட்டிக்கு மண் கிளறும்போதும் அவர் கை அப்படித்தான் சாய்ந்து இறங்கும், பார்த்திருக்கிறேன். சுபேதார் சுப்பிரமணியன் பெயர் வந்தால் எழுந்து நிற்பார். நம் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், அதே சாப்பர்ஸ். 1944 பிப்ரவரியில் இத்தாலியில், வெடிக்கப் போகிற கண்ணிவெடிமேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பெரிய பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். தாத்தா அவரை நேரில் பார்த்தது இல்லை. ஆனாலும் எழுந்து நிற்பார்.

பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் 60-களில் எங்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள் இல்லையா, அவர்களோடு தாத்தாவுக்குத் தனி ஒட்டுதல். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற கடையில் போய் நின்று, தண்ணீருக்கு ‘யே’, சோற்றுக்கு ‘தமின்’ என்று தமக்குத் தெரிந்த பர்மியச் சொற்களைச் சொல்வார். கடைக்கார அம்மா இன்னொரு கரண்டி சூப் ஊற்றுவார்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிறது. ஐ.சி.எஃப். தொடங்கிய 1955-லேயே வேலைக்குச் சேர்ந்து 25 வருஷம் ரயில் பெட்டி கட்டினாரே, அதைச் சொல்லத்தான் குறிப்பெல்லாம் எழுதி வந்தேன். இன்னொரு நாள் பார்ப்போம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். உங்கள் வீட்டுப் பரணிலும் தகரப் பெட்டி இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து திறந்து பாருங்கள். உள்ளே ஆறு முனை பித்தளை நட்சத்திரம் இருந்து, அதன் நாடா நடுவில் சிவப்பு, ரெண்டு பக்கமும் கருநீலம், நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு என்று இருந்தால், அது பர்மா ஸ்டார், பர்மாப் போரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம். உங்கள் தாத்தாவும் அந்தக் கலேவா பாலத்தில் நடந்தவராக இருக்கலாம். வணக்கம்.