போய்ட்டு வர்றேன் என்று சொல்லிப் போனவன்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவன். என் வகுப்புக்கு வருபவர்களில் பாதிப்பேர் கம்பெனி வேலையாக ஒசாகாவுக்கோ நகோயாவுக்கோ போகப்போகிறவர்கள். மீதிப்பேர் அனிமே பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் முதல் வாரத்திலேயே ஒரு சொற்றொடர் வந்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஜப்பானியர்கள் ‘இத்தே கிமாஸ்’ என்பார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இதை விளக்க நாலு வரி எழுத வேண்டும். நமக்கு ஒரு வரிகூட வேண்டாம். இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். போய்ட்டு வர்றேன். ‘போறேன்’ என்று சொன்னால் பாட்டி திட்டுவாளே, அந்தப் பாட்டி அங்கேயும் இருக்கிறாள் போல.

போன வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் கை தூக்கினார். “சார், போனவன் வரலன்னா என்ன சொல்வாங்க?” என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க ராத்திரி ராத்திரி உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொடரின் கதையே அதுதான். இன்று அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

தொடரின் பெயர் ‘ஹை அண்ட் லோ’. 2015 அக்டோபரில் நிப்பான் டிவியில் பின்னிரவு நேரத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டு இரண்டாம் பருவம். அப்புறம் திரைப்படங்களாக 2016, 2017 என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. இதைத் திட்டமிட்டவர் ஹிரோ. எக்ஸைல் என்ற பெரிய ஆட்டபாட்டக் குழுவின் தலைவராக இருந்தவர். அதனால் நடித்தவர்களில் பலர் மேடையில் ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள். இது சண்டைக் காட்சிகளில் தெரியும். ஒருத்தன் குத்து வாங்கி விழுவதிலேயே ஒரு தாளம் இருக்கும்.

கதை நடப்பது பெயர் தெரியாத ஒரு ஊரில். முன்பு அந்த வட்டாரத்தையே கையில் வைத்திருந்த மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்று, பெயர் முகென். கோஹாக்கு, தாட்சுயா என்ற இரண்டு நண்பர்கள் ஆரம்பித்தது. அவர்களுக்குப் பணியாமல் எதிர்த்து நின்றவர்கள் அமாமியா சகோதரர்கள் மட்டும். ஒரு நாள் தாட்சுயா செத்துப்போகிறான். முகென் கலைகிறது. காலியான இடத்தில் ஐந்து கூட்டங்கள் முளைக்கின்றன: சான்னோ ரெங்கோகாய், ஒயிட் ராஸ்கல்ஸ், ஓயா உயர்நிலைப் பள்ளி, ரூட் பாய்ஸ், தாருமா இக்கா. ஐந்தின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் வாள் என்ற சொல் வரும். இந்த மாதிரி எழுத்து விளையாட்டு ஜப்பானியர்களுக்கு வெல்லக்கட்டி.

நான் பேச வந்தது இந்த ஐந்தில் ஒன்றில், அதிலும் ஒருத்தனைப் பற்றி. நொபோரு.

சான்னோ என்பது ஒரு கடைத்தெரு. நம்ம ஊர் பழைய பஜார் மாதிரி, ஜப்பானியர்கள் ‘ஷோட்டெங்காய்’ என்பார்கள். அங்கே மூன்று பையன்கள் ஒன்றாக வளர்கிறார்கள். கோப்ரா, யமாடோ, நொபோரு. முதல் இரண்டு பேர் அடிதடி. நொபோரு படிப்பில் கெட்டி. ‘இவனாவது இந்தத் தெருவைத் தாண்டிப் போகட்டும்’ என்று மற்ற இருவரும் பெருமையாகப் பார்க்கும் பிள்ளை. அவன் நேசித்த பெண்ணுக்கு ஒரு கொடுமை நடக்கிறது. அதைச் செய்தவனை நொபோரு அடித்து நொறுக்குகிறான், சிறைக்குப் போகிறான். வெளியே வந்தவன் கடைத்தெருவுக்குத் திரும்பவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்புவது? இஎமுரா என்ற யாக்குசா கும்பலிடம், அதாவது ஜப்பானின் பெரிய குற்றக்கும்பல்களில் ஒன்றிடம், போய்ச் சேர்கிறான்.

இங்கே கோப்ராவும் யமாடோவும் செய்வதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தேடிப் போய் இழுத்து வருவதெல்லாம் பின்னால். முதலில் அவர்கள் சான்னோ ரெங்கோகாய் என்ற கூட்டத்தையே ஆரம்பிக்கிறார்கள். அவன் திரும்பி வந்தால் வருவதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும், அதுதான் காரணம். தெருவைக் காப்பாற்ற வேண்டும், கடைகள் மூடாமல் இருக்க வேண்டும், வேறு கும்பல் உள்ளே வந்து உட்காரக் கூடாது. ஏனென்றால் வருகிறவன் வரும்போது தெரு தெருவாக இருக்க வேண்டும். ஒரு அடியாள் கூட்டத்தின் நோக்கம் இது என்றால் முதலில் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஜப்பானிய மொழியில் இதற்கு ‘இபாஷோ’ என்று ஒரு சொல் உண்டு. நேராகச் சொன்னால் இருக்கும் இடம். ஆனால் முகவரி கேட்கும்போது மட்டும் சொல்கிற சொல் இல்லை. நாம் உட்கார்ந்தால் ‘ஏன் இங்கே உட்கார்ந்தாய்’ என்று யாரும் கேட்காத இடம், அதுதான் இபாஷோ. பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அங்கே பத்திரிகைகளில் இந்தச் சொல் அடிக்கடி வரும். சான்னோ பையன்களுக்கு அந்த இடம் இத்தோகான் என்ற சாப்பாட்டுக்கடை. அமெரிக்க டைனர் மாதிரி அலங்காரம். நடத்துகிறவள் செத்துப்போன தாட்சுயாவின் தங்கை நவோமி. ஊரே நடுங்கும் பையன்கள் கடைக்குள் வந்தால் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மூலையில் உட்காருவார்கள். யமாடோ வீட்டில் வண்டி பழுது பார்க்கிறார்கள். கூட்டத்தில் இன்னொருத்தன் வீட்டில் பொதுக் குளியல்கூடம். எல்லோருக்கும் சொந்தமாக ஏதோ ஒரு கடை, ஒரு அம்மா, ஒரு திட்டு.

சரி, இது சினிமாத்தனம், நிஜத்தில் என்ன என்று கேட்பீர்கள். நிஜத்தைச் சொல்கிறேன். ஜப்பானில் யாக்குசா ஆட்கள் 1963இல் சுமார் 1,84,000 பேர் இருந்தார்கள் என்பது போலீஸ் கணக்கு. இந்தத் தொடர் வந்த 2015இல் அது ஏறத்தாழ 47,000. நடுவில் 1992இல் இவர்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அப்புறம் மாகாணம் மாகாணமாக விதிகள் போட்டார்கள், 2011இல் நாடு முழுக்க வந்துவிட்டது. யாக்குசாக்காரனோடு யாரும் வியாபாரம் வைத்துக்கொள்ளக் கூடாது. வங்கிக் கணக்கு கிடையாது, வாடகை வீடு கிடையாது, கைப்பேசி இணைப்புகூடச் சிரமம். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கும்பலை விட்டு விலகி வந்த பிறகும் ஐந்து வருடம் அவனை உறுப்பினனாகவே வைத்துப் பார்க்கிற ஒரு நடைமுறை உண்டு. விலகிவிட்டதாகப் பொய் சொல்லி ஏமாற்றக் கூடாதே என்பதற்காக. விளைவு என்ன? திருந்தி வந்தவனுக்குச் சம்பளம் போட ஒரு கணக்கு இல்லை. சம்பளம் போட முடியாதவனுக்கு வேலை எங்கே கிடைக்கும்?

இதைத் தெரிந்துகொண்டு நொபோருவின் கதையைப் பாருங்கள். கடைத்தெருப் பையன்கள் அவனுக்காக வைத்திருக்கும் நாற்காலியின் கனம் அப்போதுதான் புரிகிறது. எனக்கு அப்படித்தான் புரிந்தது, இரண்டாவது தடவை பார்த்தபோது.

இதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு ஜோடி. முகென் தலைவன் கோஹாக்குவும் அவன் நிழல் மாதிரி கூடவே வரும் சுகுமோவும். தாட்சுயா போன துக்கத்தில் கோஹாக்கு தலைகீழாக மாறிவிடுகிறான். தானே வளர்த்த பையன்கள் வாழும் அந்த வட்டாரத்தையே அழிக்கக் கிளம்புகிறான். சுகுமோவுக்கு அது தப்பு என்று தெரியும். தெரிந்தும் பின்னால் போகிறான். அண்ணன் போகிறான், நான் போகிறேன்.

யாக்குசா உலகத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. தலைவன் காக்கா வெள்ளை என்றால் வெள்ளைதான். சாராயக் கிண்ணம் மாற்றிக் குடித்து ‘அப்பா–பிள்ளை’ உறவு எடுத்துக்கொண்டவனுக்கு அதுதான் சட்டம். நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்கிறோமே, ஏறத்தாழ அந்த இடம். சுகுமோ நிற்பது அங்கே. கோப்ராவோ அதே கோஹாக்குவை எதிர்த்து வந்து நிற்கிறான். அவனுக்கும் கோஹாக்கு அண்ணன்தான், அவன் பின்னால் வண்டி ஓட்டிப் பழகியவன்தான். தப்புச் செய்தால் இடித்துச் சொல்பவனே நண்பன் என்று நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். கோப்ரா அந்த இடித்தலைக் கையாலேயே செய்கிறான். முதல் படத்தின் முடிவில் அந்தச் சண்டை நீண்டுகொண்டே போகும். அடிக்கிறவனும் அழுகிறான், வாங்குகிறவனும் அழுகிறான். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இவங்க சண்டை போடுறாங்களா, துக்கம் விசாரிக்கிறாங்களா?” என்றாள். இரண்டும்தான்.

‘கிரி’, ‘நிஞ்ஜோ’ என்று இரண்டு சொற்களை ஜப்பானியப் பழைய நாடகங்களிலிருந்தே கேட்கலாம். கிரி என்றால் பட்ட கடமை. நிஞ்ஜோ என்றால் மனுஷ மனசு. ஒன்று ஒரு பக்கம் இழுக்கும், மற்றது மறுபக்கம் இழுக்கும். நூற்றாண்டுக் கணக்காக இந்த இழுபறியை வைத்தே அழவைத்தார்கள். இந்தத் தொடரில் வருகிற பையன்கள் யாரும் இந்தச் சொற்களை வைத்து யோசிப்பதாகத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த சொல் ‘நகாமா’. அகராதியில் தோழன் என்று போட்டிருப்பார்கள். எனக்குத் திருநெல்வேலிப் பக்கத்து ‘கூட்டாளி’தான் சரியாகப் பொருந்துகிறது. ஒன்றாகச் சேர்ந்து ஏதோ ஒன்றைச் செய்கிறவன்.

மற்ற நாலு கூட்டத்தையும் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஒயிட் ராஸ்கல்ஸ் வெள்ளை உடுப்பு, பெண்களைக் காப்பது அவர்கள் சபதம். தாருமா இக்கா சிவப்பு உடுப்பு, முகென் அழித்த அண்ணன்களுக்காகப் பழிவாங்கக் காத்திருக்கும் தம்பி அதன் தலைவன். ரூட் பாய்ஸ், பெயரே இல்லாத ஒரு சேரியில் அநாதைப் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள், கூரை விட்டுக் கூரை தாவுகிறவர்கள். ஓயா பள்ளியின் முராயாமா நூறு குத்து வாங்கியும் விழாமல் நின்று தலைமையைப் பிடித்தவன். நூறு குத்து கொடுத்து இல்லை, வாங்கி. அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும். கோப்ராவிடம் ஒற்றைக்கு ஒற்றை மோதித் தோற்ற பிறகு அவனையே மதிக்கிறான் பாருங்கள், அது தனி அழகு.

இந்த உடுப்பு மோகம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் ‘போசோசோக்கு’ என்று மோட்டார் சைக்கிள் பையன்கள் இருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல். இப்போது பத்தாயிரத்துக்கும் கீழே போய்விட்டார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளக் கோட்டு, அதில் பொன்நூல் வேலைப்பாடு. ‘யோரோஷிக்கு’ என்று நாங்கள் வகுப்பில் பணிவாகச் சொல்லித்தருகிற ஒரு சொல் உண்டு, ‘தயவு வையுங்கள்’ என்கிற மாதிரி. அதை அந்தப் பையன்கள் நாலு சீன எழுத்துகளில் முதுகில் தைத்துக்கொள்வார்கள். ஒலி அதேதான். எழுத்துகளின் பொருள் மட்டும் இரவு, பனித்துளி, சாவு, துன்பம். பணிவான சொல்லுக்குள் இத்தனை இருட்டை ஒளித்துவைத்த குறும்பை நினைத்து நான் இன்னும் வியக்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு இந்தக் கதையில் வேலை குறைவு. நவோமியைப் போல ஒன்றிரண்டு பேர் தவிர மற்றவர்கள் காப்பாற்றப்படுவதற்காகவே வருகிறார்கள். இரும்புக் கம்பியால் மண்டையில் வாங்கியவன் அடுத்த நாள் நெற்றியில் ஒரு பிளாஸ்டரோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பான். பின்னால் வரும் படங்களில் ஒரு யூஎஸ்பி குச்சிக்காக அத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் பாதிப் படம் மிச்சம். ஆனால் அந்தக் குச்சிக்குள் இருப்பது குர்யூ என்ற பெரும் கும்பலும் அரசாங்க ஆட்களும் சேர்ந்து மறைத்த சமாச்சாரம். சேரியைத் தகர்த்துவிட்டு அங்கே சூதாட்ட விடுதி கட்டப் பார்க்கிறார்கள். சூதாட்ட விடுதிக்கு வழிவிடும் சட்டம் ஜப்பான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2016 டிசம்பரில். அந்தப் படம் வந்தது 2017இல். பையன்களின் தெருவை அழிக்க வருவது யார் என்பதில் எழுதியவர்களுக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த மாணவரை மறந்துவிட்டேனே. “வரலன்னா என்ன சொல்வாங்க” என்று கேட்டவர். அவருக்கு நகோயாவில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் முன்பு விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். வாசலில் என்னைப் பார்த்துக் குனிந்து, வகுப்பில் படித்தபடியே “இத்தே கிமாஸ்” என்றார். அதற்குப் பதில் ‘இத்தெராஷ்ஷாய்’ என்று சொல்ல வேண்டும். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அவர் அம்மா முந்திக்கொண்டார். அவருக்கு ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. மகன் என்ன சொன்னான் என்றும் கேட்கவில்லை. சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, “போய்ட்டு வாப்பா” என்றார்.

நன்றி, வணக்கம்.