1 மி.மீ. டிரில் ஏன் முறிகிறது?

போன பதிவுக்குக் கீழே வந்த ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. "லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) 1 மி.மீ. துளை போடும்போது டிரில் முறிந்துகொண்டே இருக்கிறது, எந்த டிரில் வாங்கலாம்?" நல்ல டிரில்லாக வாங்குங்கள், சரி. ஆனால் எனக்கு அந்த ஜாப்பின், அதாவது லேத்தில் சுழலும் உலோகத் துண்டின், முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, அந்தக் குமிழ்! பேசிங், அதாவது முகத்தைச் சமமாகச் சீவுவது, முடிந்த பிறகு நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒன்று நிற்கும். சீவும் டூலின் முனை ஜாப்பின் சென்டர் உயரத்தில் இல்லாததால் வருவது. லேத்தை நிறுத்தி நகத்தால் தடவினால் தட்டும். டிரில் முனை அதில் பட்டுச் சறுக்கி, மையம் தவறிக் குழி பறிக்கும். அப்புறம் ஜாப் சுற்றச் சுற்ற முனையும் கூடவே வட்டமடிக்கும். கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் என்ன ஆகும்? அதேதான்.

குமிழை எடுத்துவிட்டு, குட்டையான, வளையாத சென்டர் டிரில்லால் சின்னதாக ஒரு குழி மட்டும் போடுங்கள். டெயில் ஸ்டாக்கை (ஜாப்புக்கு எதிரே டிரில்லைப் பிடித்துத் தள்ளும் பகுதி) ஜாப்பின் மையத்துக்கு நேராக்குவது பற்றி முந்தைய பதிவுகளில் விரிவாகப் பேசிவிட்டோம்.

அடுத்தது கை. மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் (டிரில் விளிம்பு உலோகத்தில் ஓடும் வேகம்) என்று வைத்தால், 1 மி.மீ. டிரில்லுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8000 சுற்று வேண்டும். உங்கள் லேத் 2000 சுற்றுதான் ஓடும் என்றால் வெட்டு வேகம் 6 மீட்டர் சொச்சம். அதனால் மெதுவாகத்தான் தள்ள வேண்டும். டெயில் ஸ்டாக் சக்கரத்தின் கனத்தில் டிரில் திணறுவது கைக்குத் தெரியாது. டெயில் ஸ்டாக்கில் ஒரு தண்டைப் பிடித்து, அதன்மேல் வழுக்கி ஓடும் குட்டி 'சக்'கை (டிரில்லைக் கவ்வும் பிடிப்பான்) விரலால் தள்ளிப் பாருங்கள். துகள் அடைத்ததும் விரலில் ஒரு கரகரப்பு வரும். உடனே வெளியே இழுத்துத் துடைத்து, எண்ணெய் தொட்டு, மறுபடி உள்ளே விடுங்கள். அளவு துல்லியமாக வேண்டுமென்றால் 0.9 மி.மீ. டிரில்லால் துளைத்து, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் விடுங்கள்.

ஒருமுறை எனக்குப் பித்தளை நாசிலில் கடைசித் துளையில் டிரில் முறிந்தது. இரண்டு நாள் வேலை, மனசே கேட்கவில்லை. படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, சூடு ஆறாமல் ஊறவைத்தேன். உள்ளே இருந்த எஃகு கறுத்து, குமிழி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது. பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கேள்வி கேட்டவரின் ஜாப் எஃகு என்றால் இதைச் செய்யாதீர்கள், ஜாப்பும் சேர்ந்து கரையும்.