'வாக் அவுட்' என்றால் வெளிநடப்பு: ஆங்கிலத்தில் திசை எங்கே ஒளிந்திருக்கிறது?

[திரையில்: செய்தித்தாள் தலைப்பு, 'எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு']

வணக்கம். சட்டசபை நடக்கும் நாட்களில் இந்தத் தலைப்பு கண்ணில் படாமல் போகாது. வெளிநடப்பு என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அவுட் என்பது வெளி, வாக் என்பது நடப்பு. 'வாக் அவுட்' அப்படியே தமிழுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கோபமாகப் போனால், அவர் வெளிநடந்தார் என்றா சொல்கிறோம்? 'எழுந்து வெளியே போயிட்டார்' என்போம். இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ஆங்கில வாக்கியம் அமைப்பதில் பாதி தடுமாற்றம் தீரும், அதற்காகத்தான் இந்த வீடியோ.

[திரையில்: படிக்கட்டில் ஓடும் சிறுமி]

இந்தச் சிறுமியைப் பாருங்கள். 'ஓடி ஏறினாள்' என்கிறோம். இதில் முக்கியமான வினை எது? ஏறினாள். மேலே போகிறாள் என்ற திசை அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது, எப்படிப் போகிறாள் என்பதை 'ஓடி' என்று முன்னால் ஒட்டிவிடுகிறோம். ஏறு, இறங்கு, நுழை, கட, திரும்பு என்று தமிழில் திசையைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும் வினைகள் நிறைய. ஆங்கிலம் இதை அப்படியே தலைகீழாகப் போடுகிறது: 'ஷீ ரேன் அப்'. ஓடுவது வினை, மேலே என்பது அதற்குப் பின்னால் நிற்கும் குட்டிச் சொல். லெனார்டு டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-ல் எழுதிய கட்டுரையில் உலக மொழிகளை இந்தக் கண்ணால்தான் பார்த்தார்: ஒரு மொழி திசையை வினைக்குள் வைக்கிறதா, வினைக்கு வெளியே வைக்கிறதா?

அதனால் மாற்றும் வழி சுலபம். தமிழில் முதலில் வருவதை ஆங்கிலத்தில் வினையாக்குங்கள், கடைசியில் வருவதைக் குட்டிச் சொல்லாக்குங்கள். ஓடி நுழைந்தான், 'ரேன் இன்'. நீந்திக் கடந்தாள், 'ஸ்வாம் அக்ராஸ்'. பறந்து போனது, 'ஃபிளூ அவே'. குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தது, 'கிராவல்டு அவுட்'. 'வந்தது' எங்கே போச்சு என்று தேடாதீர்கள், அதன் வேலையை 'அவுட்' பார்த்துக்கொள்கிறது.

இந்தப் பழக்கம் வராததால்தான் நாம் என்டர், ரிட்டர்ன், டிசென்ட் மாதிரி சொற்களைத் தேடிப் பிடிக்கிறோம். 1066-ல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்து குவிந்த லத்தீன் குடும்பத்துச் சொற்கள் இவை, நம்முடைய ஏறு, இறங்கு போலவே திசையை உள்ளுக்குள் வைத்திருப்பவை. நமக்கு அவை பிடித்துப்போவதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் பேச்சில் 'ஐ டிசென்டட் ஃப்ரம் தி பஸ்' என்றால் இலக்கணம் சரியாக இருந்தும் அரசு அறிக்கை வாசிப்பது போலக் கேட்கும். 'ரிட்டர்ன் பேக்' என்று நிறையப் பேர் எழுதுகிறோம், அந்த 'ரி' என்பதற்கே லத்தீனில் திரும்ப என்ற பொருள் உண்டு, அதனால் 'பேக்' தேவையில்லை. ஒன்று 'ரிட்டர்ன்டு', இல்லை 'கேம் பேக்'.

[திரையில்: நிறுத்தத்தில் நிற்கும் பேருந்து]

சரி, பேருந்துக்கு வருவோம், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. இறங்குவதை நாம் 'கெட் டவுன்' என்கிறோம். கண்டக்டரிலிருந்து கல்லூரி மாணவர் வரை எல்லோரும் அப்படித்தான், இந்தியாவுக்குள் யாருக்கும் புரியாமல் போகாது, அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் லண்டனில் பேருந்துக்குள் 'கெட் டவுன்!' என்று கத்தினால், ஏதோ ஆபத்து, தலையைக் குனி என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அங்கே பேருந்து, ரயில், விமானம், கப்பல், சைக்கிள், குதிரை எல்லாவற்றுக்கும் ஏறுவது 'கெட் ஆன்', இறங்குவது 'கெட் ஆஃப்'. காருக்கு மட்டும் 'கெட் இன்', 'கெட் அவுட்'. நின்று நடக்க இடமிருக்கும் வண்டியும், மேலே உட்காரும் வண்டியும் ஒரு பக்கம், குனிந்து உள்ளே நுழைந்து உட்காரும் வண்டி இன்னொரு பக்கம் என்று நினைவில் வைத்தால் அநேகமாகச் சரியாக வரும். அப்போ ஆட்டோ? குனிந்துதானே ஏறுகிறோம், 'கெட் இன்' போடுங்கள்.

அப்புறம் 'டு'. வீட்டுக்கு, மாடிக்கு, வெளிநாட்டுக்கு என்று நமக்கு எல்லாவற்றிலும் ஒரு 'க்கு' இருக்கிறது, அதுதான் 'கோ டு ஹோம்' என்று நம்மை எழுத வைக்கிறது. ஹோம், அப்ஸ்டேர்ஸ், அப்ராட் மூன்றும் இந்த இடத்தில் திசைச் சொற்கள், போகும் பக்கத்தை அவையே சொல்லிவிடுகின்றன. 'கோ ஹோம்', 'கோ அப்ராட்', அவ்வளவுதான்.

இன்னொன்று காதால் கேட்க வேண்டியது. 'கம் இன்' என்று சொல்லிப் பாருங்கள். அழுத்தம் எதில் விழுகிறது? 'இன்'னில். 'சிட் டவுன்' என்றால் 'டவுன்'னில். திசையைச் சொல்லும் குட்டிச் சொல்லை விழுங்கிவிடாதீர்கள், கேட்பவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். வினைக்கும் அதற்கும் நடுவே பெரும்பாலும் வேறு எதையும் நுழைக்காமல் இருப்பது நல்லது, 'ரேன் அவே குயிக்லி' என்று வேகத்தைப் பின்னால் தள்ளுங்கள். 'ஸ்ட்ரெய்ட்' மாதிரி ஒருசில சொற்களுக்கு மட்டும் நடுவில் இடம் உண்டு: 'கேம் ஸ்ட்ரெய்ட் பேக்', நேரே திரும்பி வந்தான்.

[திரையில்: வாசலில் செருப்பு மாட்டும் மகன், கதவருகே அம்மா]

கடைசியாக நம் வீட்டு வாசல். கிளம்பும்போது 'போறேன்' என்று யாரும் சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்கிறோம், அந்த 'வரேன்' இல்லாமல் அம்மா வாசலைத் தாண்ட விட மாட்டார். இதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று மாற்றினால் ஆங்கிலேயருக்குப் பாதிதான் போய்ச் சேரும். அவர்கள் கிளம்பும்போது 'ஐ ஆம் ஆஃப்' என்பார்கள், திரும்பி வந்ததும் 'ஐ ஆம் பேக்' என்பார்கள். கவனித்தீர்களா, இரண்டிலும் போவதும் இல்லை, வருவதும் இல்லை, நகர்வைச் சொல்லும் வினையே கழன்றுபோய்க் குட்டிச் சொல் மட்டும் தனியாக நிற்கிறது. அந்த அம்மா 'போயிட்டு வா' என்று சிரித்தபடி அனுப்பிவைக்கிறாரே, அதற்கு ஆங்கிலத்து அம்மா குட்டிச் சொல்லை முன்னால் தூக்கி வைத்துச் சொல்வது: 'ஆஃப் யூ கோ'.